தேங்காப்பட்டணம் பொழிமுகத்துக்கு ஸ்ட்ரீமரா, பிளாஸ்டிக் மீனா?

டிரவுட் மீனைப் பிடிப்பதற்கென்று உருவான ஸ்ட்ரீமர் என்ற செயற்கை இரையை நம் ஊர்க் கொடுவாவுக்கு வீசுவதில் பொருளுண்டா என்று நண்பர்கள் கேட்கிறார்கள். அவலாஞ்சியில் 1907-இல் பொரிப்பகம் அமைத்து நீலகிரி ஓடைகளில் வளர்த்த அந்தக் குளிர்நீர் மீன் குமரி மாவட்டத்தின் வெதுவெதுப்பான ஆறுகளில் பிழைக்காது என்பது உண்மைதான். ஆனால் சிறுமீனைத் துரத்தித் தின்னும் குணம் டிரவுட்டுக்கும் கொடுவாவுக்கும் பொதுவானது. தூண்டில் முள்ளில் தூவலும் மயிரும் கட்டிய ஸ்ட்ரீமர் அந்தச் சிறுமீனின் சாயல்தான். குழித்துறையிலிருந்து வரும் தாமிரபரணி கடலில் சேரும் தேங்காப்பட்டணப் பொழிமுகத்திலும், பழையாறு சேரும் மணக்குடியிலும் ஸ்ட்ரீமரையும் மீன் வடிவப் பிளாஸ்டிக் இரையையும் மாறிமாறி வீசிப் பார்த்து ஸ்ட்ரீமரைத் தேர்ந்துகொண்டவன் நான்.

தூரத்திலும் காற்றிலும் பிளாஸ்டிக் மீனே மேல். அது தன் எடையால் பறக்கிறது; ஸ்ட்ரீமரையோ தடித்த தூண்டில் கயிற்றின் எடைதான் சுமந்து செல்ல வேண்டும். ஆடி மாதக் கச்சான் காற்றில் ஸ்ட்ரீமர் எனக்குக் கைகொடுத்ததே இல்லை. நீரோட்டம் தணிந்து இரை நிற்கும் நேரத்தில் நிலைமை மாறுகிறது: பிளாஸ்டிக் மீன் இழுத்தால்தான் அசைகிறது, சேவலின் கழுத்துத் தூவல் நின்ற இடத்திலேயே உயிருள்ளதுபோல் அலைகிறது.

என் முடிவைத் தீர்மானித்தது பராமரிப்பு. பொழிமுகத்தின் உப்புநீர் எந்த முள்ளையும் விட்டுவைப்பதில்லை. பிளாஸ்டிக் மீனில் மூன்று கிளைகள் கொண்ட முட்கள் இரண்டு, அவற்றைப் பிடிக்கும் வளையங்கள் என்று துருப்பிடிக்கும் இடங்கள் பல. பாறையில் மோதி உடல் கீறினால் உள்ளே நீர் இறங்கி ஆட்டமே மாறிவிடுகிறது. சிப்பி மூடிய கல்லிலோ கண்டல் வேரிலோ சிக்கினால் சில நூறு ரூபாய் ஒரே நொடியில் போகிறது. ஆனால் ஒரு நியாயத்தை மறைக்கக் கூடாது: பிளாஸ்டிக் மீனில் துருப்பிடித்த முள்ளை மட்டும் மாற்றலாம், ஸ்ட்ரீமரில் முள் போனால் கட்டிய கட்டும் சேர்ந்து போகிறது. துருப்பிடிக்காத எஃகு முள்ளில் கட்டத் தொடங்கியதும், சிறு குழாயின்மேல் தூவலைக் கட்டி அதன் துளை வழியே தங்கூசியை (நைலான் தூண்டில் நரம்பை)ச் செலுத்தி முள்ளைத் தனியே முடியும் முறைக்கு மாறியதும் அந்தக் குறையும் பெரும்பாலும் நீங்கியது. வீடு திரும்பியதும் நன்னீரில் அலசி, முழுவதும் உலர்ந்த பிறகே பெட்டியில் வைக்க வேண்டும்; ஈரத்தோடு மூடினால் ஒரு ஸ்ட்ரீமரின் உப்பு பெட்டியிலுள்ள அத்தனை முட்களுக்கும் பரவும்.

ஒற்றை முள்ளில் பட்ட குஞ்சுக் கொடுவாவை வாய் கிழியாமல் ஆற்றில் விடலாம் என்பதையும் நான் பெரிதாக மதிக்கிறேன்.

இவையெல்லாம் பொழிமுகத்துக்கு மட்டும் சொன்னவை. நெய்மீனுக்காக ஆழ்கடலில் இவற்றை இழுத்துப் பார்த்த அனுபவம் எனக்கு இல்லை. கச்சான் வீசும் மாதங்களுக்கென்று இரண்டு பிளாஸ்டிக் மீன்களை இன்றும் வைத்திருக்கிறேன்.