ரெஸ்டிக் பேக்கப் மென்பொருள்: மூன்று வருடம் பயன்படுத்திப் பார்த்ததில்

பேக்கப் எடுத்தால் வைரஸிலிருந்து பாதுகாப்பு கூடுமா என்று யாராவது கேட்டால், அந்த பேக்கப்பை வைரஸால் தொட முடியுமா என்றுதான் நான் திருப்பிக் கேட்பேன். எனக்கு இது பட்டுத் தெரிந்தது. நாலு வருடத்துக்கு முன்னால் என் கம்ப்யூட்டருக்குள் ரான்சம்வேர் (கோப்புகளைப் பூட்டிவிட்டு, திறக்கப் பணம் கேட்கும் வைரஸ்) நுழைந்தபோது என்னிடம் இரண்டு பேக்கப் இருந்தன. ஒன்று, எப்போதும் செருகியே கிடந்த ஒரு ஹார்ட் டிஸ்க். இன்னொன்று, ஃபோல்டரை அப்படியே இணையத்தில் பிரதியெடுத்து வைக்கும் ஒரு சேவை. டிஸ்க்கில் இருந்ததையும் ரான்சம்வேர் சேர்த்தே பூட்டிவிட்டது. இணையச் சேவையோ பூட்டிய கோப்புகளையெல்லாம் நான் புதிதாகத் திருத்தியவை என்று எடுத்துக்கொண்டு நல்லவற்றின் மேலேயே எழுதிவிட்டது, பழைய பதிப்புகளை வைத்திருக்கும் வசதியை நான் போட்டு வைத்திருக்கவும் இல்லை. எட்டு வருடப் படங்கள் போயின.

அப்புறம் படித்துப் பார்த்ததில்தான் தெரிந்தது, இது எனக்கு மட்டும் நடந்ததல்ல. 2017 மே மாதம் பரவிய வான்னாக்ரை என்ற ரான்சம்வேர், கோப்புகளைப் பூட்டியதோடு நிற்காமல் விண்டோஸ் தானாக எடுத்து வைத்திருக்கும் ஷேடோ காப்பிகளையும் அழித்தது. அடுத்த மாதமே வந்த நாட்பெட்யா என்ற வைரஸ், மெர்ஸ்க் கப்பல் நிறுவனத்தின் டொமைன் கன்ட்ரோலர்களை (யார் எதற்குள் நுழையலாம் என்பதைக் கட்டுப்படுத்தும் சர்வர்களை) ஒட்டுமொத்தமாக நாசம் செய்தபோது, கானாவில் மின்சாரம் போய் அணைந்து கிடந்த ஒன்று மட்டும் தப்பியது, அதை வைத்துத்தான் மற்றவற்றை மீட்டார்கள். அவை ஒன்றுக்கொன்று பிரதியாகத்தான் ஓடிக்கொண்டிருந்தன, ஆனால் எல்லாமே ஒரே நெட்வொர்க்கில் இணைந்திருந்ததால் எல்லாமே சேர்ந்து போயின.

சரி, ரெஸ்டிக்குக்கு வருகிறேன். இலவசம், திறந்த மூல நிரல், விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் ஓடும். கோப்புகளைத் துண்டு துண்டாக்கி, ஏற்கெனவே இருக்கும் துண்டை மறுபடி சேமிக்காமல், எல்லாவற்றையும் ஏஇஎஸ்-256 என்ற முறையில் குறியாக்கம் செய்து (கடவுச்சொல் இல்லாமல் படிக்க முடியாதபடி மாற்றி) வைக்கிறது. முதல் முறை நேரம் பிடிக்கும், அதற்கப்புறம் மாறியதை மட்டும் எடுத்துக்கொள்வதால் சீக்கிரம் முடிந்துவிடும். ஒவ்வொரு முறை எடுப்பதும் தனி ஸ்னாப்ஷாட், அதாவது அந்த நேரத்தில் கோப்புகள் இருந்த நிலை, அதனால் நேற்று கெட்டுப்போன கோப்பை முந்தாநாள் ஸ்னாப்ஷாட்டிலிருந்து எடுக்கலாம்.

ஆனால் நான் இதைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் வேறு. பேக்கப் போய்ச் சேரும் கம்ப்யூட்டரில் ரெஸ்டிக்காரர்களின் ரெஸ்ட் சர்வரை (பேக்கப்பை வாங்கிச் சேமிக்கும் மென்பொருள்) அப்பெண்ட்-ஒன்லி, அதாவது சேர்க்க மட்டும் விடும் முறையில் ஓட்டலாம். அப்படி ஓட்டினால் என் கம்ப்யூட்டரால் புதிதாகச் சேர்க்கத்தான் முடியும், ஏற்கெனவே இருப்பதை அழிக்க முடியாது. என் கம்ப்யூட்டரை முழுதாகக் கைப்பற்றியவனுக்கும் அதே கதிதான். பழையதைக் களையெடுக்கும் வேலையை நான் அந்த இன்னொரு கம்ப்யூட்டரில் உட்கார்ந்து கையால் செய்கிறேன், அதுவும் ஸ்னாப்ஷாட் பட்டியலை ஒரு முறை கண்ணால் பார்த்துவிட்டு, ஏனென்றால் உள்ளே நுழைந்தவன் குப்பை ஸ்னாப்ஷாட்டுகளை நிறையச் சேர்த்துவிட்டால் "கடைசிப் பத்தை மட்டும் வை" என்ற கட்டளையில் நல்லவை கழிந்து குப்பை தங்கிவிடும்.

நான் எதிர்பாராமல் கிடைத்த நன்மை ஒன்று உண்டு. ஒவ்வொரு பேக்கப் முடிவிலும் எத்தனை கோப்பு புதிது, எத்தனை மாறியது, எவ்வளவு இடம் கூடியது என்று காட்டும். வழக்கமாக இருபது முப்பது மாறும் இடத்தில் ஒரு நாள் திடீரென்று ஆயிரக்கணக்கில் மாறியிருந்தால், ரான்சம்வேர் வேலையைத் தொடங்கிவிட்டது என்று அர்த்தமாக இருக்கலாம். பூட்டிய கோப்புகளின் துண்டுகள் பழையவற்றோடு ஒத்துப்போகாது, சுருக்கவும் முடியாது, அதனால் இடமும் எகிறும். தினமும் அந்த மூன்று வரியைப் படிக்கிறேன்.

குறைகளையும் சொல்லிவிட வேண்டும். ரெஸ்டிக்குடன் சன்னலும் பொத்தானும் வராது, எல்லாமே கட்டளைதான், தினமும் ஓட வைக்கும் ஏற்பாட்டையும் நீங்களே செய்துகொள்ள வேண்டும். கடவுச்சொல்லைத் தொலைத்தால் யாராலும் திறக்க முடியாது. அதைவிடப் பெரியது, தானாக ஓட வேண்டுமென்றால் அந்தக் கடவுச்சொல் கம்ப்யூட்டரிலேயே எங்காவது இருந்தாக வேண்டும், எனவே உள்ளே வந்தவன் பேக்கப்பை அழிக்க முடியாவிட்டாலும் படிக்க முடியும். நீங்கள் போன வருடமே அழித்துவிட்ட கோப்புகூட அதில் இருக்கும். 2019இல் மேஸ் என்ற ரான்சம்வேர் கும்பல், பூட்டுவதற்கு முன்பே தரவைத் திருடி, பணம் தராவிட்டால் வெளியிடுவோம் என்று மிரட்ட ஆரம்பித்தது, பிறகு அதுவே பலருக்கும் வழக்கமானது. அதற்கு எந்த பேக்கப்பும் மருந்தில்லை. திருடுபோன கடவுச்சொற்களுக்கும் இல்லை.

இன்னொன்று, ஸ்னாப்ஷாட்டிலிருந்து எல்லாவற்றையும் அப்படியே திருப்பிப் போடாதீர்கள். வைரஸ் வாரக்கணக்கில் சத்தமில்லாமல் உட்கார்ந்திருந்தால் பேக்கப்பிலும் அது இருக்கும். இயங்குதளத்தையும் மென்பொருள்களையும் புதிதாக நிறுவி, ஆவணங்களையும் படங்களையும் மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். மூன்று மாதத்துக்கு ஒரு முறை ஒரு ஃபோல்டரை வேறு கம்ப்யூட்டரில் மீட்டு, திறந்து பார்க்கிறேன், இதுவரை ஒரு கோப்புகூடக் கெட்டுப்போய் வரவில்லை.

கட்டளை அடித்துப் பழகியவர்கள் தயங்காமல் எடுத்துக்கொள்ளலாம். அது ஒத்துவராது என்பவர்கள் இதோடு மல்லுக்கட்ட வேண்டாம், இரண்டு ஹார்ட் டிஸ்க் வைத்துக்கொண்டு வாரத்துக்கு ஒன்றாக மாற்றி மாற்றிச் செருகி, நகலெடுத்து முடிந்ததும் மறக்காமல் கழற்றி வையுங்கள். நான் அன்றைக்கு அந்த ஒரு டிஸ்க்கைக் கழற்றி வைத்திருந்தாலே படங்கள் இருந்திருக்கும்.