தலைமை மாறிய ஆண்டுகள்: ஓர் ஒலிப்பாடத் தொடரின் மதிப்புரை

சீனக் கம்யூனிஸ்ட் கட்சியின் தொடக்ககாலத் தலைமை மாற்றங்களை விளக்கும் இத்தொடரின் பெரும்பலம், 1927ஆம் ஆண்டை அவசரமின்றி அணுகுவதுதான். 1921இல் ஷாங்காயில் கூடிய முதல் மாநாட்டுக்கு வராமலேயே தலைமைக்குத் தேர்வான சென் டூசியு, கோமிண்டாங் என்ற தேசியவாதக் கட்சியுடனான கூட்டணி 1927இல் குருதியில் முடிந்தபின் பதவியிழந்ததையும், அக்கூட்டணியை வற்புறுத்திய மாஸ்கோவின் பங்கு மறைக்கப்பட்டுப் பழியெல்லாம் அவர்மேல் விழுந்ததையும், சூ சியுபாய் பொறுப்பேற்றதையும் விரிவுரையாளர் தெளிவாகப் பிரித்துக் காட்டுகிறார். அடுத்துவந்த சியாங் சோங்ஃபா, தொழிலாளர் பின்னணியால் பொதுச்செயலரானாலும், அதிகாரம் மற்றொரு கட்சித் தலைவரான லி லிசானிடம் குவிந்தது என்ற பகுதி (சற்றே கிண்டலோடு சொல்லப்படுகிறது) சுவையானது.

ஆனால் 1935இல் சுன்யி நகரில் நடந்த கட்சித் தலைமைக் கூட்டத்திலேயே மாவோ முழுத்தலைவரானார் என்று தொடர் சொல்வது மிகை; அதுவரை கட்சிப் பொறுப்பிலிருந்த போ கூவுக்குப்பின் பொறுப்பேற்றவர் சாங் வென்தியன். இத்தனை பெயர்களுக்கும் எழுத்துவடிவக் குறிப்பேடு ஒன்று இருந்திருந்தால், தொடருக்குக் கேட்கப்பட்ட விலை நியாயமாகப்பட்டிருக்கும்.