மாமல்லபுரம் ஒத்தவாடைத் தெரு: மெனு கார்டை மூடிவிட்டு மீன் தட்டைப் பாருங்கள்

மாமல்லபுரத்தில் கிழக்கு ராஜ வீதியிலிருந்து கடலை நோக்கி இறங்கும் ஒத்தவாடைத் தெருவிலும் அதன் குறுக்குத் தெருவிலும் ஆறேழு மேசைக்கு மேல் கொள்ளாத உணவகங்கள் வரிசையாக இருக்கின்றன. மாடியில் கீற்றுக் கொட்டகை, பிரம்பு நாற்காலி, வண்ணக் காகித விளக்கு, சுவரில் பாப் மார்லி படம். மெனு கார்டில் வாழைப்பழ பான்கேக், ஸ்பாகெட்டி, ஹம்முஸ் எல்லாம் இருக்கும். அதே பக்கத்தின் கீழே மீன் குழம்பும் சோறும் இருக்கும். வெளிநாட்டுப் பயணிகளை நம்பி வளர்ந்த தெரு என்பதால் இந்தக் கலவை.

இங்கே சாப்பிட ஒரே காரணம், ஆர்டர் எடுக்கும் முன் மேசைக்கு வரும் மீன் தட்டு. அன்றைக்கு இருக்கும் மீனை ஒரு பெரிய தட்டில் அடுக்கிக் கொண்டுவந்து காட்டுவார்கள். கை காட்டிய மீனை எடை போட்டு, விலை சொல்லி, கேட்டபடி சமைத்துத் தருவார்கள். நல்ல சாப்பாடா, வீண் செலவா என்பது அந்தத் தட்டு மேசையில் இருக்கும் இரண்டு நிமிடத்தில் முடிவாகிவிடும்.

தட்டில் மீனை அடுக்குவதே ஒரு கலை. பெரிய கொடுவாவை நடுவில் வைத்து, சுற்றிலும் இறாலைப் பரப்பி, எலுமிச்சைத் துண்டு செருகி வைத்தால் எல்லாமே புதிதாகத் தெரியும். மாடி விளக்கின் மஞ்சள் வெளிச்சம் செவுளின் நிறத்தை மறைக்கும். அதனால் செல்போன் டார்ச்சைப் போட்டு, "தம்பி, செவுளைக் கொஞ்சம் தூக்கிக் காட்டுங்க" என்று கேளுங்கள். ரத்தச் சிவப்பாக இருந்தால் நல்லது. பழுப்பேறியிருந்தால் வேண்டாம். கண் வெளியே உருண்டு தெளிவாக இருக்க வேண்டும், குழிந்து வெண்மை படரக் கூடாது. வயிற்றில் விரல் வைத்து அழுத்தினால் பள்ளம் உடனே மேலெழ வேண்டும். இதைக் கேட்டால் முகம் சுளிக்கும் கடையில் உட்காராமல் எழுந்து வந்துவிடுவதே நல்லது. பக்கத்திலேயே இன்னொரு கடை இருக்கிறது.

இறாலில் தலையைப் பாருங்கள். தலை கறுத்து, உடலோடு சேரும் இடம் தளர்ந்திருந்தால் பழையது. கணவாயின் தோலில் ஊதாப் புள்ளிகள் தெளிவாக இருக்க வேண்டும். நாளான கணவாய் முழுக்க இளஞ்சிவப்பாகிவிடும். நண்டைக் கையில் தூக்கிப் பார்க்காமல் வாங்கக் கூடாது. அளவுக்கு மீறிய கனம் இருந்தால்தான் உள்ளே சதை இருக்கும். பௌர்ணமியை ஒட்டிப் பிடிபடும் நண்டில் சதை குறைவு என்று மீனவர் குப்பத்தில் சொல்வார்கள்.

நேரமும் முக்கியம். குப்பத்து ஃபைபர் படகுகள் பெரும்பாலும் காலையில் கரையேறுகின்றன. மதியம் ஒரு மணிக்குத் தட்டில் வரும் சங்கராவும் கிழங்கானும் அன்று காலை வலையில் விழுந்தவையாக இருக்க வாய்ப்பு அதிகம். இரவு எட்டு மணித் தட்டும் மோசமில்லை, மீன் பகல் முழுக்க ஐஸில் இருந்திருந்தால். தட்டில் ஐஸ் இல்லாமல் தண்ணீர் மட்டும் தேங்கி நின்றால் சூரை, அயிலை இரண்டையும் தொடாதீர்கள். இந்த வகை மீன்கள் வெப்பத்தில் கிடந்தால் ஹிஸ்டமின் சேரும். எவ்வளவு வேகவைத்தாலும் அது போகாது. முகம் சிவந்து, உடம்பு அரித்து, தலை வலிக்கும்.

எந்த மீனை எப்படிச் சமைக்கச் சொல்வது என்பதில்தான் பலர் ஏமாறுகிறார்கள். தட்டில் பெரிதாகக் கிடக்கிறது என்று வஞ்சிரத்தை முழுதாகக் கரியில் சுடச் சொன்னால், நடு வேகும் முன் ஓரம் வறண்டு போகும். அதற்குத் தவாதான். ஒன்றரை சென்டிமீட்டர் கனத் துண்டு, பக்கத்துக்கு மூன்று நிமிடம். முழு மீனாகச் சுடுவதற்குச் சங்கராவும் கொடுவாவும் பொருத்தம். தோலும் எலும்பும் ஈரத்தைக் காப்பாற்றும். இருவருக்கு 700 கிராம் மீன் போதும். முதுகுப் பக்கம் எலும்பு வரை மூன்று கீறல் போடச் சொல்லுங்கள். கீறாத மீன் வெளியே கருகி, நடு எலும்பில் ரத்தத்தோடு வரும்.

சுடும்போது நடக்கும் தவறுகள் எல்லாக் கடையிலும் ஒன்றுதான். கரி நெருப்பு மேலே சாம்பல் பூக்கும் முன் மீனை வைத்தால் புகைக்கரி வாடை ஏறும். கம்பி சூடாகாமல் இருந்தாலோ மீனின் மேல் ஈரம் இருந்தாலோ தோல் ஒட்டிக் கிழியும். எலுமிச்சைச் சாற்றில் ஒரு மணி நேரம் ஊறிய மீன், அடுப்பேறும் முன்பே வெளுத்துச் சதை மாவாகிவிடும். பத்து நிமிட ஊறல் போதும். சாறு கடைசியில் பிழிவதே சரி. மசாலாவில் சிவப்பு நிறப் பொடி சேர்க்கும் பழக்கம் இருப்பதால் "கலர் வேண்டாம், மிளகாய்த்தூள், மஞ்சள், உப்பு, பூண்டு மட்டும்" என்று சொல்லிவிடுங்கள். முழு மீனுக்கு அரை மணி நேரம் காத்திருக்கச் சொன்னால் மகிழுங்கள். பத்தே நிமிடத்தில் வந்தால் முன்பே பாதி வேகவைத்து வைத்திருந்தது என்று பொருள்.

இந்தத் தெருவில் அதிகம் விற்பது பூண்டு வெண்ணெய் இறால். சரியாகச் செய்தால் அருமையான பண்டம். பூண்டைக் காய்ந்த வெண்ணெயில் கொட்டினால் நொடியில் கருகிக் கசக்கும். கொஞ்சம் எண்ணெயில் மெல்லிய தீயில் பூண்டு வெளிறிய பொன்னிறம் ஆன பிறகு இறாலைப் போட்டு, இறக்கும்போது வெண்ணெய் சேர்க்க வேண்டும். இறால் ‘சி’ போல வளைந்ததும் எடுத்துவிட வேண்டும். வட்டமாகச் சுருண்டால் பதம் கடந்துவிட்டது. கணவாய்க்கு நடுவழியே கிடையாது. பெரும் தீயில் இரண்டு நிமிடம், அல்லது குழம்பில் அரை மணிக்கு மேல். இடைப்பட்ட நேரத்தில் இறக்கியது ரப்பர்தான்.

சிங்கி இறாலைப் (லாப்ஸ்டர்) பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். தட்டில் அதைப் பார்த்ததும் ஆசை வரும், விலையும் அதற்கேற்ப இருக்கும். கல் சிங்கிக்கு ஏற்றுமதிக்கான குறைந்தபட்ச எடை 200 கிராம், மணி சிங்கி போன்ற பெரிய இனத்துக்கு 500 கிராம் என்று 2003-இல் மத்திய அரசு வரையறுத்தது. உள்ளூர்த் தட்டில் வரும் குட்டிச் சிங்கியை அந்த விதி தடுக்காது. ஆனாலும் அதை வாங்காதீர்கள். சதை ஒரு வாய்க்குக்கூட வராது, கடலில் இனமும் பெருகாது. வயிற்றின் அடியில் முட்டைக் கொத்து இருந்தால் எவ்வளவு பெரியதாக இருந்தாலும் வேண்டாம்.

விலை பேசும்போது மூன்று கேள்விகளைத் தட்டு அடுப்படிக்குத் திரும்பும் முன் கேட்டுவிடுங்கள். கிலோ என்ன விலை? சமையல் கூலி அதில் சேர்ந்ததா? சோறோ சிப்ஸோ கூட வருமா? எடை உங்கள் கண் முன்னே நடக்கட்டும். மொத்தத் தொகையைச் சொன்ன பிறகே வெட்டச் சொல்லுங்கள். எடை எப்போதும் சுத்தம் செய்யும் முன்னேதான் போடுவார்கள். அதில் குற்றமில்லை, கணக்கை மட்டும் மனதில் வையுங்கள். அரைக் கிலோ இறால், தலையும் ஓடும் போனால் கால் கிலோவுக்குச் சற்று மேல்தான் நிற்கும். நண்டில் கிடைக்கும் சதை எடையில் மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவு.

பெரிய கொடுவா வாங்கி நடுத்துண்டை மட்டும் சுடச் சொல்கிறவர்கள், தலைக்கும் காசு கொடுத்திருக்கிறோம் என்பதை மறந்துவிடுகிறார்கள். அந்தத் தலையையும் வாலையும் புளிக் குழம்பாக வைத்துத் தரச் சொல்லுங்கள். தனிக் கூலி கேட்டாலும் கொடுக்கலாம். இந்தக் கடைகளின் உண்மையான கைப்பக்குவம் குழம்பில்தான் இருக்கிறது. குப்பத்து வீட்டுக் குழம்பின் புளிப்பும் காரமும் சுற்றுலாக்காரருக்காகக் குறைக்கப்படாமல் வர, "எங்களுக்கு நம்ம வீட்டுக் காரம்" என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும்.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுத் தடைக்காலம். சிறு படகுகள் அப்போதும் போகும் என்பதால் தட்டு காலியாகாது. சங்கரா, கிழங்கான், நண்டு கிடைக்கும். பெரிய வஞ்சிரம் மட்டும் விலை ஏறும், வெளியூர் ஐஸ் மீனாக இருக்கவும் வாய்ப்புண்டு. அந்த மாதங்களில் சிறு மீன் கேளுங்கள். வடகிழக்குப் பருவமழையில் கடல் கொந்தளித்து நாலு நாள் படகு போகாவிட்டால், "இன்னைக்குப் படகு போச்சா?" என்ற கேள்விக்கு வரும் பதிலை வைத்து முடிவெடுங்கள். போகவில்லை என்றால் முட்டைப் பரோட்டாவோ காய்கறிச் சோறோ சாப்பிட்டுக் கிளம்பலாம்.

மெனுவின் மற்ற பக்கங்களில் பான்கேக்கும் இஞ்சி எலுமிச்சைத் தேநீரும் தேறும். ஸ்பாகெட்டி குழைந்து வரும், விட்டுவிடலாம். டிசம்பர் முதல் பிப்ரவரி வரை சனி, ஞாயிறு இரவுகளில் அடுப்பு ஒன்று, ஆட்கள் அதிகம். கரியில் சாம்பல் பூக்கும் முன் அடுத்த மீனைத் திணிப்பார்கள். வார நாளில், மதியம் பன்னிரண்டரைக்குள் உட்கார்ந்தால் தட்டில் முதலில் கை வைப்பது நீங்களாக இருப்பீர்கள்.