ராயப்பேட்டை பாய் கடை: ஓரத்தை வெட்டாமல் ஃப்ரேம் போடுகிற இடம்

ராயப்பேட்டை மணிக்கூண்டுக்குப் பக்கத்துச் சந்தில் இருக்கும் இந்த ஃப்ரேம் கடைக்குப் பெயர்ப்பலகை கிடையாது. முனையில் உள்ள டீக்கடையில் பாய் கடை எங்கே என்று கேட்டால் கை காட்டுவார்கள். சாமி படம், கல்யாண போட்டோ, மாலை போடப்போகும் தாத்தா படம், ஒன்றிரண்டு தஞ்சாவூர் ஓவியம் எல்லாம் சுவரில் சாய்ந்து நிற்கும் சின்ன அறை. பாயும் உதவிக்கு ஒரு பையனும் மட்டும்தான். நான் கொடுத்தது பத்தொன்பதாம் நூற்றாண்டு எட்சிங், அதாவது செம்புத் தகட்டில் கீறி எடுத்த அச்சுப் படம், ஒன்றின் பிரதி. அதை அவர் கையாண்ட விதத்தை நாலு பேருக்குச் சொல்ல வேண்டும் என்று தோன்றியது.

படம் எது என்று முதலில் சொல்லிவிடுகிறேன். அமெரிக்க ஓவியர் ஜேம்ஸ் மெக்நீல் விஸ்லர் 1859-இல் செய்த 'பிளாக் லயன் வார்ஃப்'. வார்ஃப் என்றால் சரக்கு இறக்கும் படகுத்துறை. இடம், லண்டனில் தேம்ஸ் ஆற்றங்கரை, வாப்பிங் பக்கம். முன்னால் துறைமுகத் தொழிலாளி ஒருவர் உட்கார்ந்திருக்கிறார். நடுவில் ஆறு, அங்கே கோடுகள் மிகக் குறைவு. அக்கரையில்தான் எல்லாம் நடக்கிறது: ஒன்றின் மேல் ஒன்று சாய்ந்து நிற்கும் கிடங்குகள், மரப் பலகைகள், ஜன்னல்கள், கட்டிப்போட்ட படகுகள், சுவரில் படிக்கும்படி எழுதிய பெயர். இத்தனையும் சுமார் 15 செ.மீ.க்கு 22.5 செ.மீ. அளவுள்ள செம்புத் தகட்டில். மெழுகு பூசிய தகட்டில் ஊசியால் கீறி, ஆசிட்டில் ஊறவைத்து, மையைத் தேய்த்து, ஈரத்தாளை வைத்து பிரஸ்ஸில் உருட்டினால் வருவது எட்சிங். கிரீம்ஸ் ரோட்டில் லலித் கலா அகாடமியில் அந்த பிரஸ்ஸை உருட்டுவதைப் பார்த்திருக்கிறேன். தாளைத் தூக்கும்போது தகட்டின் விளிம்பு தாளில் பள்ளமாகப் பதிந்திருக்கும். அந்தப் பள்ளத்துக்கு வெளியே இருக்கும் வெற்று ஓரத்தைத்தான் பல கடைகளில் வெட்டிக் குப்பையில் போடுகிறார்கள்.

நான் சென்னைத் துறைமுகத்தில் டாலி கிளார்க்காக, அதாவது ஏறி இறங்கும் சரக்கைக் கணக்கெடுப்பவனாக, இருந்து ஓய்வு பெற்றவன். விஸ்லர் இந்தப் படத்தைச் செய்த 1859-இல் மதராஸில் துறைமுகமே கிடையாது. கப்பல் தூரத்தில் நங்கூரம் போட்டு நிற்கும், மசூலா படகில் அலையைத் தாண்டி மூட்டைகள் கரைக்கு வரும். கடலுக்குள் நீளும் இரும்புப் பாலம்கூட 1861-இல்தான் வந்தது. அதே காலத்தில் லண்டனில் ஒரு இளைஞர் வார்ஃப் ஓரமாகத் தங்கி, பலகை பலகையாகப் பார்த்துச் செதுக்கியிருக்கிறார் என்பதுதான் என்னை இந்தப் படத்திடம் இழுத்தது. அவ்வளவு துல்லியமாகக் கோடு போடும் கை எங்கிருந்து வந்தது? அமெரிக்கக் கடற்கரை அளவைத் துறையில், 1854 கடைசியிலும் 1855 தொடக்கத்திலுமாகச் சில மாதங்கள், வரைபடத் தகடு செதுக்குகிற வேலை பார்த்திருக்கிறார். எட்சிங் கற்றுக்கொண்டது அங்கேதான்.

டாலி கிளார்க்கின் வேலையே பெட்டி மேல் இருக்கும் மார்க்கைப் படிப்பதுதான். யார் அனுப்பியது, எங்கே ஏறியது, எங்கே கைமாறியது எல்லாம் அதில் இருக்கும். பழைய எட்சிங் தாள்களும் அப்படித்தான். வாங்கினவர்கள் ஓரத்திலோ பின்பக்கத்திலோ சின்ன முத்திரை குத்தி வைப்பார்கள், முதலெழுத்தோ ஏதாவது ஒரு சின்னமோ. ஃப்ரிட்ஸ் லுக்ட் என்ற டச்சுக்காரர் உட்கார்ந்து இந்த முத்திரைகளையெல்லாம் சேகரித்து 1921-இல் ஒரு பெரிய நூலாகவே போட்டார், 1956-இல் பிற்சேர்க்கையும் வந்தது. இன்றும் ஏலக் கடைகள் முத்திரையைக் குறிப்பிடும்போது அந்த நூலில் உள்ள லுக்ட் எண்ணைத்தான் போடுகின்றன. எட்சிங்கில் ஒரே தகட்டிலிருந்து பல தாள்கள் பிறக்கின்றன, ஒவ்வொரு தாளும் வேறு வேறு கைகளுக்குப் போகிறது. படம் ஒன்றுதான், பயணம் மட்டும் தாளுக்குத் தாள் வேறு. ஓரத்தை வெட்டினால் அந்தப் பயணத்தின் சாட்சியை வெட்டுகிறோம்.

இந்தப் படத்தின் பயணமும் லேசானதல்ல. தேம்ஸ் கரையை வைத்து விஸ்லர் செய்த எட்சிங்குகள் 1860-இல் லண்டன் ராயல் அகாடமி கண்காட்சிக்குப் போயின. 1862-இல் பாரிஸில் காட்டியபோது கவிஞர் போத்லேர் பார்த்து மெச்சி எழுதினார். 1863-இல் ஹேக் நகரக் கண்காட்சியில் விஸ்லரின் எட்சிங்குகளுக்குத் தங்கப் பதக்கம். ஆனாலும் முறையான தொகுப்பாக வெளிவர 1871 ஆகிவிட்டது: எல்லிஸ் அண்ட் கிரீன் பதிப்பித்த பதினாறு எட்சிங்குகள், அதில் இதுவும் ஒன்று. தகடு செய்து பன்னிரண்டு வருடம் கழித்து!

அதே 1871-இல்தான் விஸ்லர் தன் அம்மாவை உட்கார வைத்து அந்தப் புகழ்பெற்ற ஓவியத்தை வரைந்தார். கறுப்பு உடையில், பக்கவாட்டில் நாற்காலியில் இருக்கும் அந்த அம்மாவை எல்லோரும் எங்காவது பார்த்திருப்பீர்கள். பின்னால் சுவரில் ஒரு படம் தொங்கும், கவனித்திருக்கிறீர்களா? அது பிளாக் லயன் வார்ஃப். 1872-இல் அந்த ஓவியம் ராயல் அகாடமியில் தொங்கியபோது எட்சிங்கும் அதற்குள்ளேயே தொங்கியது. 1891-இல் பிரெஞ்சு அரசு ஓவியத்தை வாங்கியது, இப்போது பாரிஸ் ஓர்சே அருங்காட்சியகத்தில் இருக்கிறது. தன் வேலைகளில் எதை அம்மாவுக்குப் பக்கத்தில் மாட்டலாம் என்று யோசித்து, இருபத்தைந்து வயதில் செய்த இந்தப் படகுத்துறைப் படத்தை அவர் எடுத்திருக்கிறார். எனக்கு அது பெரிய விஷயமாகப் படுகிறது.

சேகரித்தவர்களில் இரண்டு பேரை மட்டும் சொல்கிறேன். நியூயார்க் கலை வணிகர் சாமுவேல் ஏவெரி, விஸ்லரையும் சேர்த்து 17,000-க்கும் மேற்பட்ட அச்சுப் படங்களை 1900-இல் நியூயார்க் பொது நூலகத்துக்குக் கொடுத்தார். இன்னொருவர் டெட்ராய்ட்டில் ரயில் பெட்டி செய்து பணம் சேர்த்த சார்லஸ் லாங் ஃப்ரீர். 1887-இல் விஸ்லரின் வெனிஸ் எட்சிங்குகளில் தொடங்கியவர், 1890-இல் லண்டன் போய் அவரையே பார்த்துப் பழகினார். கடைசியில் மொத்தச் சேகரிப்பையும் அமெரிக்க மக்களுக்கு என்று எழுதிவைத்தார். 1923-இல் வாஷிங்டனில் ஃப்ரீர் கேலரி திறந்தது. விஸ்லர் 1903-இல் இறந்தபின் பாஸ்டன், லண்டன், பாரிஸ் என்று நினைவுக் கண்காட்சிகள் நடந்தன. 1910-இல் எட்வர்ட் கென்னடி எல்லா எட்சிங்குகளையும் புகைப்படத்தோடு வரிசைப்படுத்தி கேட்டலாக் போட்டார். அதில் நம் படத்துக்கு எண் 42.

நியூயார்க் மெட்ரோபாலிடன் போன்ற அருங்காட்சியகங்கள் பதிப்புரிமை முடிந்த படங்களைப் பெரிய அளவில் இலவசமாகத் தருகின்றன. அப்படி ஒன்றை இறக்கி, அண்ணா சாலையில் ஒரு டிஜிட்டல் பிரிண்ட் கடையில் பருத்தித் தாளில் அசல் அளவிலேயே போட்டேன். அதை முதலில் கொண்டுபோனது வேறு ஒரு பெரிய கடைக்கு. ஓரத்தை டிரிம் பண்ணிவிட்டுத் தங்கக் கலர் பட்டை போடலாம், படம் சின்னதாக இருக்கிறது, பெரிதாக்கிக் கொண்டுவாருங்கள் என்றார்கள். ஃபெவிக்கால் தடவி ஹார்டுபோர்டில் ஒட்டுவது அவர்கள் வழக்கம் என்றும் தெரிந்தது. தாளைத் திரும்ப வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

பாய் செய்த முதல் காரியம், கையைத் துடைத்துக்கொண்டு தாளை ஓரத்தில் பிடித்து வெளிச்சத்தில் பார்த்தது. அப்புறம் "எந்த அளவு சார் விடணும்?" என்றார். நான் போனில் அம்மா ஓவியத்தைக் காட்டினேன். சுவரில் தொங்கும் படத்தை இரண்டு விரலால் பெரிதாக்கிப் பார்த்தார். அகலமான வெள்ளை மவுண்ட் (படத்தைச் சுற்றி வைக்கும் அட்டை), அதைச் சுற்றி மெல்லிய கறுப்புச் சட்டம். "வரைஞ்சவரே இப்படித்தான் மாட்டியிருக்காரு, அப்புறம் நாம எதுக்கு வேற யோசிக்கணும்" என்று ஸ்கேலை எடுத்தார். படத்தின் அகலத்துக்கு மவுண்ட் எவ்வளவு என்று போன் திரையிலேயே அளந்து கணக்குப் போட்டார். இத்தனை வருடத்தில் ஒரு கடைக்காரர் இப்படிச் செய்து நான் பார்த்ததில்லை.

எனக்குத் தெரிந்ததையும் அவரிடம் சொன்னேன்: விஸ்லர் பிற்காலத்தில் தன் எட்சிங்குகளின் ஓரத்தைத் தகட்டு விளிம்போடு வெட்டிவிட்டு, தன் வண்ணத்துப்பூச்சி வடிவக் கையெழுத்துக்கு மட்டும் நாக்கு மாதிரி ஒரு சின்னத் தாள் துண்டை விடுவார். பாய் நிமிர்ந்து, "அப்போ வெட்டலாமா?" என்றார். அது 1880-களின் பழக்கம் பாய், இது அதற்கு முந்தையது, இதில் ஓரம் இருந்தால்தான் சரி என்றேன். தலையாட்டிவிட்டு மவுண்டில் படம் தெரியும் ஜன்னலைத் தகட்டு விளிம்பைவிடப் பெரிதாக வெட்டினார். இப்போது விளிம்பைச் சுற்றி வெற்றுத் தாள் ஒரு விரல் அளவுக்குத் தெரிகிறது.

ஆசிட் இல்லாத மவுண்ட் போர்டு கேட்டேன், வரவழைத்துக் கொடுத்தார். சாதாரண போர்டு போட்டால் சில வருடத்தில் ஜன்னல் ஓரமாகத் தாள் பழுப்பேறிவிடும். தாளை எங்கும் ஒட்டவில்லை, மேலே இரண்டு இடத்தில் மெல்லிய தாள் கீல் வைத்து மைதாப் பசையில் தொங்கவிட்டிருக்கிறார். வேண்டும் என்றால் நனைத்து எடுத்துவிடலாம். கண்ணாடி படத்தைத் தொடாமல் இடைவெளி இருக்கிறது. நம் ஊர் ஈரக் காற்றில் தாள் கண்ணாடியோடு ஒட்டிக்கொண்டால் பிரிக்கவே முடியாது, இதைச் சொல்லாமலே செய்திருந்தார். பின்பக்கம் ஒரு தாள் பை ஒட்டச் சொன்னேன். மேலே எழுதின பயணத்தை ஒரு பக்கத்தில் டைப் செய்து, எந்த அருங்காட்சியகத்துப் பிரதியிலிருந்து எடுத்தது என்பதையும் சேர்த்து அதில் வைத்திருக்கிறேன். என் பேத்தி பிற்காலத்தில் இதைக் கழற்றிப் பார்த்தால் பிரதி என்பதும் தெரியும், எதன் பிரதி என்பதும் தெரியும்.

குறைகளும் உண்டு. சொன்ன தேதியில் வேலை முடியாது. போன் எடுக்க மாட்டார், நேரில்தான் போய்க் கேட்க வேண்டும். சட்டத்தின் கீழ் இடது மூலையில் இணைப்பு லேசாக வாய் பிளந்திருந்தது, காட்டியதும் மெழுகு வைத்து அடைத்துக் கொடுத்தார். ஆனாலும் உற்றுப் பார்த்தால் தெரியும். சாதாரணக் கண்ணாடிதான் வைத்திருக்கிறார், ஜன்னலுக்கு எதிரே மாட்டினால் பிரதிபலிப்பு வரும். பிரதிபலிக்காத கண்ணாடி வேண்டுமானால் முன்பணம் கொடுத்து வரவழைக்கச் சொல்ல வேண்டும். அசலான பழைய தாள், கறை பிடித்தது, கிழிந்தது ஏதாவது உங்களிடம் இருந்தால் அதைச் சரிசெய்யும் வேலைக்கு இங்கே கொடுக்காதீர்கள். அதைப் பாயே வாங்கமாட்டேன் என்கிறார், அது எனக்குப் பிடித்திருந்தது.

மவுண்ட், சட்டம், கண்ணாடி எல்லாம் சேர்த்து 1,850 ரூபாய் ஆனது. பெரிய கடையில் தங்கப் பட்டையோடு சொன்ன விலையைவிடக் கொஞ்சம் கூடுதல், கொடுத்ததில் வருத்தமில்லை. கார்டு, யுபிஐ கிடையாது, ரொக்கம் எடுத்துப் போங்கள். வெள்ளிக்கிழமை மதியம் தொழுகை நேரத்தில் கடை மூடியிருக்கும். சந்துக்குள் கார் போகாது, பெரிய படமாக இருந்தால் ஆட்டோவில் போவதே நல்லது. கொடுக்கும்போதே "ஓரம் வெட்டாதீங்க பாய்" என்று சொல்லிவிடுங்கள், ஸ்லிப்பில் எழுதிக்கொள்வார்.