பாமாயில் லேப்பில் ஒரு டிஎஸ்சி கலோரிமீட்டர்: ஓராண்டு அனுபவம்

மலேசியாவில் தெலுக் இந்தான் பக்கம் ஒரு பாமாயில் ஆலையின் லேப்பில் வேலை செய்கிறேன். போன வருஷம் எங்களுக்கு டிஎஸ்சி கருவி வந்தது; ஒரு பொருளைச் சூடாக்கும்போதும் குளிரவிடும்போதும் அது எவ்வளவு வெப்பத்தை வாங்குகிறது, விடுகிறது என்று அளக்கும் கருவி. வாங்க நினைப்பவர்களுக்குச் சொல்கிறேன், தாராளமாக வாங்கலாம்.

கருவி சரியாக அளக்கிறதா என்று தெரிய, தினமும் காலையில் முதலில் உருகுநிலை தெரிந்த இண்டியம் உலோகத்தை ஓட்டிப் பார்ப்பேன். 156.6 டிகிரியில் உருகத் தொடங்கினால்தான் மனசுக்கு நிம்மதி. இந்தக் கருவி ஒரு நாளும் ஏமாற்றியதில்லை.

எண்ணெய் என்றால் 80 டிகிரியில் 10 நிமிடம் வைத்து, பழைய படிகங்களை முழுக்க உருக்க வேண்டும். அப்புறம் நிமிடத்துக்கு 10 டிகிரி வீதம் குளிரவிட்டால் திரையில் வெப்பக் கோட்டில் இரண்டு முகடுகள் எழும்: முதலில் எளிதில் உறையும் ஸ்டியரின் பகுதி, பிறகு இன்னும் குளிர்ந்தால்தான் உறையும் ஓலின் பகுதி. எத்தனை முறை பார்த்தாலும் எனக்கு அலுக்கவில்லை.

குறை, எண்ணெய் வைக்கும் சின்னக் கிண்ணத்துக்கு மூடி அழுத்தக் கூடவே வந்த பிரஸ்தான். கொஞ்சம் கோணலாக அழுத்தினாலும் அலுமினியக் கிண்ணத்தின் அடி வளைந்துவிடுகிறது. அடி சமமாக உட்காராவிட்டால் சூடு சரியாகப் போகாது, முகடும் அகன்றுவிடும். எண்ணெயில்தான் கோளாறு என்று ஒரு வாரம் அலைந்தேன். கடைசியில் லேப் அக்கா, "கிண்ணத்தைத் திருப்பி அடியைப் பாரு தம்பி" என்றார். அடி குழிந்திருந்தது.

கருவிக்குள் ஓடும் உலர்ந்த நைட்ரஜன் வாயுவை மட்டும் நிறுத்தாதீர்கள். நம் ஊர் ஈரக்காற்று உள்ளே போனால் பனியாக உறைந்து, மறுபடி சூடாக்கும்போது 0 டிகிரி பக்கம் பொய் முகடு காட்டும். ஓலின் உருகுவதும் அந்தப் பக்கம்தான்.

பிரஸ்ஸை வேறு இடத்தில் வாங்குங்கள்.