மானியத்தில் வாங்கிய ரோபோ கை: ஓராண்டுக்குப் பிறகு

ஆராய்ச்சி மானியத்தில் ஏழு மூட்டு ரோபோ கை ஒன்றை வாங்கி ஓராண்டு ஆகிறது. மனிதரும் அதுவும் ஒரே பொருளைப் பிடித்துத் தூக்கும்போது யார் யாருக்கு விட்டுக்கொடுக்கிறார்கள் என்று அளப்பதுதான் எங்கள் வேலை.

ஒவ்வொரு மூட்டிலும் முறுக்குவிசை சென்சார் இருக்கிறது. ஒற்றை விரலால் தள்ளினாலே முரண்டு பிடிக்காமல் நகரும். விட்டால் அங்கேயே நிற்கும். கட்டுப்பாட்டு நிரல் நொடிக்கு 1,000 முறை ஓடுகிறது. ஒருநாள் மெய்நிகர் சுவரின் (கை ஓர் எல்லையைத் தாண்டாதபடி நிரல் உண்டாக்கும் தடை) விறைப்பை வேண்டுமென்றே கூட்டினேன். கைப்பிடி விர்ரென்று அதிர்ந்து முழங்கை வரை கூசியது. அந்த அதிர்வும் சுத்தமாகப் பதிவாகியிருந்ததால் கோபம் வரவில்லை!

மோதல் சோதனைதான் சுமார். மனிதரோடு சேர்ந்து வேலை செய்யும் ரோபோக்களுக்கான பாதுகாப்பு ஆவணம், 2016இல் வந்த ஐஎஸ்ஓ/டிஎஸ் 15066, உடலின் 29 இடங்களுக்கு வரம்பு தருகிறது. நசுங்கும்படியான அழுத்தத்தில் கைவிரலுக்கு 140 நியூட்டன், முகத்துக்கு 65 மட்டுமே. இதைச் சரிபார்க்க ரோபோவின் சொந்த சென்சாரை மட்டும் நம்பாதீர்கள். வேகமான மோதலில் எங்கள் தனி விசைமானி வேறு எண்ணைக் காட்டியது.

அப்புறம் மானியம். கருவிக்குத் தாராளமாகக் கொடுத்தவர்கள், அளவுதிருத்தச் செலவு (சென்சார்கள் சரியாக அளக்கின்றனவா என்று பார்த்துத் திருத்துவது) என்றதும் கையை விரித்துவிட்டார்கள். பங்கேற்பாளர்களுக்கான படியும் இல்லை. நெறிமுறைக் குழுவின் அனுமதி வரும்வரை மூன்று மாதம் ரோபோ துணிபோர்த்திக் கிடந்தது. மானியக் காலமோ நிற்காமல் ஓடியது. விண்ணப்பிக்கும்போதே இந்த மூன்றையும் எழுதிவிடுங்கள். கருவிக்கு ஐந்துக்கு நான்கு, மானியத்துக்கு இரண்டரை.