ஸ்டேஜிங்கை எங்கே வைப்பது? நான்கு வழிகளும் லைவுக்குத் திரும்பும் பாதையும்

ஓடிக்கொண்டிருக்கும் தளத்தில் நேரடியாகக் கை வைக்காமல், ஒரு நகலில் மாற்றிப் பார்த்துவிட்டு லைவுக்குக் கொண்டுபோவதுதான் ஸ்டேஜிங். அந்த நகலை எங்கே வைப்பது என்றால் நான்கு வழிகள் முன்னால் நிற்கின்றன: சொந்தக் கணினி, தளத்தின் சப்டொமைன் (முதன்மை முகவரிக்கு முன்னால் ஒரு சொல் சேர்த்த தனி முகவரி), ஹோஸ்டிங் நிறுவனம் தரும் ஒரே கிளிக் ஸ்டேஜிங், கோப்பு மாற்றங்களைப் பதிந்து வைக்கும் கிட் கருவியில் ஒவ்வொரு பிராஞ்சுக்கும் (தனிக் கிளைக்கும்) தானாக உருவாகும் ப்ரிவ்யூ (முன்னோட்டத் தளம்). எதில் நகல் எடுப்பது சுலபம் என்று பார்த்தே பலரும் முடிவு செய்கிறார்கள். நகல் எடுப்பது இன்று எதிலும் பெரிய வேலை இல்லை. சோதித்த மாற்றம் லைவுக்கு எப்படித் திரும்பும், திரும்பும்போது எதன் மேல் எது எழுதப்படும் என்பதை வைத்துத்தான் நான் தேர்ந்தெடுப்பேன்.

சொந்தக் கணினி வேகமானது, செலவில்லாதது, இணையம் இல்லாமலும் ஓடும். தளத்தின் தோற்றத்தைத் தரும் தீம் ஒன்றை உடைத்துப் பார்க்க அதைவிட நல்ல இடம் கிடையாது. ஆனால் அங்கே சரியாக ஓடியது சர்வரிலும் ஓடும் என்று நம்ப முடியாது. விண்டோஸும் மேக்கும் வழக்கமான அமைப்பில் கோப்புப் பெயரின் பெரிய எழுத்து, சிறிய எழுத்து வித்தியாசத்தைப் பார்ப்பதில்லை. பெரும்பாலான சர்வர்களில் ஓடும் லினக்ஸ் பார்க்கும். அதனால் கணினியில் தெரிந்த லோகோ சர்வரில் காணாமல் போகும். கணினிக்குள்ளேயே ஒரு லினக்ஸ் சூழலை உருவாக்கும் டாக்கர் வைத்தாலும், மேக்கின் வட்டிலிருந்து ஃபோல்டரை அதனுள் இணைத்தால் இந்தப் பிழை மறைந்தேதான் இருக்கும். தளத்தின் உரிமையாளர் தன் போனில் திறந்து பார்க்கவும் வழியில்லை. வேலை செய்ய இது நல்ல இடம். கடைசிச் சோதனைக்கு இது மட்டும் போதாது.

சப்டொமைன் நகல் உண்மையான சர்வரில் ஓடும். அதே பிஎச்பி (தளத்தை இயக்கும் நிரல்மொழி) பதிப்பு, வேகத்துக்காகப் பக்கங்களைச் சேமித்து வைக்கும் அதே கேஷ், யாருக்கு வேண்டுமானாலும் லிங்க் அனுப்பலாம். பாடுபட வேண்டியது அமைக்கும்போதுதான். வேர்ட்பிரஸ் தளமென்றால் டேட்டாபேஸ் முழுக்கப் பழைய முகவரி பரவியிருக்கும். அதைச் சாதாரணமாகத் தேடி மாற்றினால் சில செட்டிங்குகள் சத்தமில்லாமல் அழிந்துவிடும். காரணம், பிஎச்பி சீரியலைஸ் செய்து, அதாவது ஒரே எழுத்துச் சரமாகக் கோத்து வைத்த தரவில் ஒவ்வொரு வாசகத்துக்கும் முன்னால் அதன் நீளம் எண்ணாக எழுதப்பட்டிருக்கும். முகவரியின் முன்னால் 'ஸ்டேஜிங்' சேர்ந்தால், ஆங்கிலத்தில் புள்ளியோடு 8 எழுத்துகள் கூடும். எண் மட்டும் பழையபடியே நிற்கும். கணக்கு ஒத்துவராத அந்தத் தரவை பிஎச்பியால் படிக்க முடியாது. வேர்ட்பிரஸைக் கட்டளைகளால் இயக்கும் டபிள்யூபி-சிஎல்ஐ கருவியின் தேடி மாற்றும் கட்டளை இந்த எண்ணையும் சேர்த்துத் திருத்தும் என்பதால் அதையே பயன்படுத்துங்கள்.

இன்னொன்று, நகலைக் கூகுளிடமிருந்து மறைப்பது. தேடுபொறிகள் படிக்கும் ரோபோட்ஸ் கோப்பில் தடை போட்டால் போதும் என்று நினைப்பவர்கள் நிறைய. அந்தத் தடை பக்கத்தைப் படிக்க வேண்டாம் என்று மட்டும்தான் சொல்கிறது. வேறு எங்காவது லிங்க் இருந்தால் முகவரி தேடலில் வரலாம். படிக்கவே விடாததால், பக்கத்துக்குள் நீங்கள் வைத்த, தேடலில் காட்டாதே என்னும் நோஇண்டெக்ஸ் குறிப்பும் கூகுள் கண்ணில் படாது. யூகிக்க முடியாத பெயர் வைத்தாலும் பயனில்லை. அந்தப் பெயருக்கென்று எஸ்எஸ்எல் சான்றிதழ் வாங்கினால், அது எல்லோரும் பார்க்கக்கூடிய சான்றிதழ்ப் பதிவேட்டில் ஏறிவிடும். சர்வர் அளவில் ஒரு பாஸ்வேர்டு போடுங்கள், பிரச்சினை முடிந்தது.

இப்போது ஒரே கிளிக் ஸ்டேஜிங். மேலே சொன்ன முகவரி மாற்றத்தை எல்லாம் அதுவே பார்த்துக்கொள்ளும். வசதியில் இதற்குப் போட்டி இல்லை. ஆனால் எனக்கு அதிகம் பயம் தருவதும் இதுதான். ஒரு சிறிய ஆன்லைன் கடைக்கு வடிவமைப்பை மாற்றிக் கொடுத்தோம். திங்கட்கிழமை நகல் எடுத்தோம், வியாழக்கிழமை 'லைவுக்குத் தள்ளு' பொத்தானை அழுத்தினோம். திங்கட்கிழமை டேட்டாபேஸ் வியாழக்கிழமை டேட்டாபேஸின் மேல் உட்கார்ந்தது. நடுவில் வந்த ஆர்டர்கள் கடையின் பட்டியலில் இல்லை. பேக்கப்பிலிருந்தும் பணம் செலுத்திய மின்னஞ்சல்களிலிருந்தும் ஒவ்வொன்றாக மீட்டு எடுத்த அந்த இரவை நான் மறக்கவில்லை. பணம் கட்டிவிட்டுக் காத்திருந்த மனிதர்கள் அவர்கள்.

கோப்புகளை மட்டும் தள்ளவும், டேட்டாபேஸில் வேண்டிய டேபிள்களை (அட்டவணைகளை) மட்டும் தேர்ந்தெடுக்கவும் சில ஹோஸ்டிங்குகள் விடுகின்றன. அதிலும் ஒரு கண்ணி உண்டு. வேர்ட்பிரஸில் கடை நடத்த உதவும் வூகாமர்ஸ் நெடுங்காலம் ஆர்டர்களையும் பக்கங்கள் இருக்கும் அதே போஸ்ட் டேபிளில்தான் வைத்திருந்தது. பக்கங்களுக்காக அந்த டேபிளைத் தள்ளினால், லைவில் வந்த புதிய ஆர்டர்களும் கூடவே அழிந்துபோகும். 2023 அக்டோபரில் வந்த 8.2 பதிப்பிலிருந்து புதிய கடைகளுக்கு ஆர்டர்கள் தனி டேபிள்களில் சேர்கின்றன. உங்கள் கடை அதற்கு முந்தையது என்றால், எந்த அமைப்பில் ஓடுகிறது என்று பார்க்காமல் அந்தப் பொத்தானைத் தொடாதீர்கள்.

பிராஞ்ச் ப்ரிவ்யூ வேறு வகை. நெட்லிஃபை, வெர்செல், கிளவுட்ஃபிளேர் பேஜஸ் போன்ற ஹோஸ்டிங் சேவைகள் ஒவ்வொரு புல் ரிக்வெஸ்டுக்கும் (மாற்றத்தைச் சேர்க்கக் கேட்கும் கோரிக்கைக்கும்) தனி முகவரி தருகின்றன. ஒரே நேரத்தில் மூன்று பேர் மூன்று மாற்றங்களைச் சோதிக்கலாம், ஒருவர் வேலை இன்னொருவர் வேலையைக் கெடுக்காது. ஒற்றை ஸ்டேஜிங் தளத்தில் 'இப்போ யார் எதை ஏற்றியிருக்காங்க' என்று கேட்டு அலைந்தவர்களுக்கு இதன் அருமை தெரியும். வெளியிடுவது பிராஞ்சை முதன்மைக் கிளையோடு மெர்ஜ் செய்வதோடு (இணைப்பதோடு) முடிகிறது. தவறினால் முந்தைய வெளியீட்டுக்குத் திரும்பலாம். உள்ளடக்கமும் கோப்புகளாகவே கிட்டில் இருக்கும் தளத்துக்கு இதுவே என் முடிவு, யோசிக்கவே வேண்டாம். ஆனால் பின்னால் ஒரு டேட்டாபேஸ் இருந்தால், ப்ரிவ்யூவுக்கென்று தனி என்விரான்மென்ட் வேரியபிள்கள் (எந்த டேட்டாபேஸோடு இணைவது போன்ற அமைப்பு மதிப்புகள்) வைத்தாக வேண்டும். இல்லையென்றால் ப்ரிவ்யூவில் நிரப்பிய சோதனைப் படிவம் லைவ் தரவில் போய் விழும்.

எதைத் தேர்ந்தெடுத்தாலும் நகலிலிருந்து உண்மையான வாடிக்கையாளருக்கு மின்னஞ்சல் போகாமல் தடுங்கள், கட்டணத்தை உண்மையில் பணம் எடுக்காத சோதனைச் சாவிகளுக்கு மாற்றுங்கள், வாடிக்கையாளர்களின் பெயர், போன் எண்களை மாற்றிவிட்டுப் பிறகு சோதியுங்கள். 2020இல் வந்த வேர்ட்பிரஸ் 5.5 முதல், இந்தத் தளம் ஸ்டேஜிங் என்று கான்ஃபிக் கோப்பிலேயே அறிவிக்க முடியும். உங்கள் நிரல் அதைப் பார்த்து மின்னஞ்சலை நிறுத்திவிடலாம்.

சரி, எது யாருக்கு? ஒருவரே எழுதி ஒருவரே மாற்றும், கமெண்ட் கூட இல்லாத வேர்ட்பிரஸ் தளத்துக்கு ஒரே கிளிக் ஸ்டேஜிங் தாராளமாகப் போதும். கடை, உறுப்பினர் தளம், கலந்துரையாடல் தளம் என்றால் சப்டொமைனில் நகல் வையுங்கள்; நிரல் கிட் வழியாக லைவுக்கு மேலே போகட்டும், தரவு லைவிலிருந்து கீழே மட்டும் வரட்டும். டேட்டாபேஸில் இருக்கும் செட்டிங் மாற்றங்களைக் குறித்து வைத்து லைவில் மறுபடி செய்யுங்கள். சலிப்பான வேலைதான், ஆனால் யாருடைய ஆர்டரும் தொலையாது.

ஒரே கிளிக் வசதியை நம்பலாமா என்று இன்னும் சந்தேகமா? உண்மையான தளத்தை விடுங்கள், அதே ஹோஸ்டிங்கில் காலியான வேர்ட்பிரஸ் ஒன்றை நிறுவுங்கள். ஸ்டேஜிங் நகல் எடுங்கள். அப்புறம் லைவில் ஒரு கமெண்ட் போட்டுவிட்டு, நகலைத் தள்ளுங்கள். அந்தக் கமெண்ட் இன்னும் இருக்கிறதா என்று பாருங்கள்.